பதிவேட்டில் ‘மடை’ என்று எழுதியது ஏன்

நான் ஓய்வு பெற்று ஐந்து மாதமும் பதினோரு நாளும் ஆகின்றன. போன வாரம் ஜெயராணி சிஸ்டர் தொலைபேசியில் அழைத்தார். ராமநாதபுரத்தில் நான் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டருக்கு இப்போது அவர்தான் பொறுப்பு. பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம்.

“அண்ணே, உங்க கையெழுத்து அச்சு மாதிரிதான் இருக்கு. ஒரே ஒரு வார்த்தைதான் புரியல. நெறைய லேப்ராஸ்கோப்பி கேஸுல ‘மடை 1’, ‘மடை 2’ன்னு நேரத்தோட எழுதியிருக்கீங்க. அது என்ன மருந்துண்ணே? டோஸும் போடல.”

“மருந்து இல்லம்மா.”

“பின்ன?”

“சொன்னா முக்கால் மணி நேரம் ஆகும்.”

“அப்ப எழுதிக் குடுங்க. புதுசா வந்திருக்கிற பிள்ளைக அது பேஷண்டோட ஊருங்குதுக. ஒருத்தி, நீங்க டீக் குடிக்கப் போன நேரம்னு சொல்றா.”

அந்தக் கடைசிப் பேச்சுதான் என்னை எழுத உட்கார வைத்தது. முப்பத்தைந்து வருடத்தில் அறுவை நடந்துகொண்டிருக்கும்போது நான் ஒருமுறைகூட டீக் குடிக்க வெளியே போனதில்லை. அந்தப் பெண்ணிடம் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும்.

1974-ல், இருபத்து மூன்று வயதில், தியேட்டர் உதவியாளனாகச் சேர்ந்தேன். பி.யு.சி. தேறியிருந்தேன். அப்போது மருத்துவமனையில் பன்னிரண்டு கட்டில்கள். முகத்தில் கம்பிக்கூடு வைத்து, அதன் மேல் துணி போட்டு, ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டு மயக்கிய காலம் அது. சொட்டுகளை எண்ணுவதுதான் எனக்குக் கொடுத்த முதல் வேலை. பிறகு ஒரு வருடம் மதுரைக்கு அனுப்பி மயக்க மருந்து உதவியாளர் பயிற்சி கொடுத்தார்கள். திரும்பி வந்ததும் சிலிண்டர்கள், ஊசிகள், ரத்தம் துடைக்கும் துணிகள் எல்லாவற்றையும் எண்ணினேன். உள்ளே போன துணி பதினெட்டு என்றால் வெளியே வந்ததும் பதினெட்டாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தையல் போட விடமாட்டேன். வீட்டிலும் எண்ணுவேன். அதைப் பற்றி என் மனைவிக்குத் தனிக் கருத்து உண்டு. அது இங்கே வேண்டாம்.

1988-ல் மயக்க மருந்து மருத்துவராக டாக்டர் சுபைதா வந்தார். கீழக்கரைக்காரர். என்னைவிடப் பத்து வயது சிறியவர். அடுத்த இருபது வருடம் அவர்தான் எனக்கு மேலதிகாரி. அவர் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். என் தொழிலில் நல்லதென்று ஏதாவது இருந்தால் அது அங்கிருந்து வந்ததுதான்.

அறுவைக்கு நாற்பது நிமிடம் முன்பு வந்துவிடுவார். நான் பார்த்து வைத்த சிலிண்டர்களைத் தன் கையால் இன்னொரு முறை திறந்து மூடுவார். முதலில் எனக்கு அது வருத்தமாக இருந்தது. “உங்க மேல சந்தேகம் இல்லண்ணே, உப்புக்காத்து மேலதான் சந்தேகம்” என்றார். எங்கள் ஊர்க் காற்றில் எதுவும் துருப்பிடிக்கும் என்பது உண்மைதான். நோயாளியின் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். நெற்றியில் கை வைப்பார். உதடு மட்டும் அசைய பிஸ்மில்லா சொல்லி மருந்தைச் செலுத்துவார். பிறகு தலைமாட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்தால் அறுவை முடியும்வரை எழுந்திருக்க மாட்டார். ஒரு காதில் ஸ்டெதாஸ்கோப் குழாய், இன்னொரு காது எங்களுக்கு.

குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் மரியாதை கூடும். வழக்கமாக என்னை “அண்ணே” என்பார். தப்புச் செய்துவிட்டால் “சார்” என்பார். இருபது வருடத்தில் நான் நான்கு முறை ‘சார்’ ஆகியிருக்கிறேன். நான்கையும் தேதியோடு சொல்வேன்.

1997-ல் எங்களுக்கு லேப்ராஸ்கோப்பி வந்தது. வயிற்றைக் கிழிக்காமல், மூன்று நான்கு சிறு துளைகள் வழியாகக் குழாய்களை விட்டு, தொலைக்காட்சிப் பெட்டியில் பார்த்தபடியே பித்தப்பையை எடுப்பது. குழாய் நுழைய வயிற்றுக்குள் இடம் வேண்டும். அதற்காகக் கார்பன் டை ஆக்சைடு வாயுவை ஏற்றுவார்கள். வயிறு பந்தல்போல மெல்ல எழும்பும். உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று வாயு இயந்திரம் எண்ணில் காட்டும். எங்கள் சர்ஜன் டாக்டர் பால்ராஜுக்குப் பதினான்கு பிடிக்கும். பதினான்கில் படம் தெளிவாகத் தெரியும். அறுவை முடிந்ததும் குழாயின் வால்வை ஒரேயடியாகத் திறந்துவிடுவார். ‘உஸ்’ என்று மொத்த வாயுவும் வெளியேறும். அந்தச் சத்தம் எங்கள் எல்லாருக்கும் பிடிக்கும். அதற்குப் பிறகுதான் சாப்பாடு.

புது இயந்திரம் வந்த நாளிலிருந்து தியேட்டரில் எல்லாருடைய கண்ணும் தொலைக்காட்சியில்தான். டாக்டர் சுபைதா மட்டும் பார்க்க மாட்டார். “அண்ணே, அது பித்தப்பையைத்தான் காட்டும். மத்தத நாமதான் பாக்கணும்” என்பார்.

மற்றது என்ன என்று ஒருநாள் கேட்டேன். தாளில் சிறுநீரகம் ஒன்றை வரைந்து காட்டினார். வயிற்றுக்குள் வாயு அழுத்தும்போது சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் குடலுக்கும் போகும் ரத்தம் குறைகிறது. நல்ல உடம்பு ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ளும். நீர் வற்றிய உடம்பு பொறுக்காது. அதோடு முடிவதில்லை. வாயு வெளியேறியதும், பட்டினி கிடந்த உறுப்புக்குள் ரத்தம் பாய்ந்து திரும்புகிறது. அது கொண்டுவரும் ஆக்சிஜனே அப்போது அந்த உறுப்பைச் சேதப்படுத்துகிறதாம்.

“ஆக்சிஜனா? அது உயிராச்சே டாக்டரம்மா.”

“இரும்புக்குத் துரு எதுனால வருது? அதே ஆக்சிஜன்தானே. எங்க வாப்பா என்னத் தோணித்துறைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. அங்க இரும்புத் தூண் இருக்கும். எப்பவும் தண்ணிக்குள்ள கிடக்கிற எடத்துல துரு கம்மி. தண்ணி ஏறி எறங்குது பாருங்க, அந்த எடத்துலதான் பொத்துப் போயிருக்கும். இதுவும் அப்படித்தான். போறதும் கெடுதல். போயிட்டுத் திடீர்னு வர்றதும் கெடுதல்.”

நான் தலையாட்டினேன். புரிந்தது போலத்தான் இருந்தது. உண்மையில் புரிந்தது இரண்டு வருடம் கழித்து, 1999 பங்குனியில்.

அதற்கு முன் என்னுடைய இன்னொரு வேலையைச் சொல்லிவிட வேண்டும். அறுவைக்கு நாள் குறித்தவர்களை வெளி வராந்தாவில் உட்கார வைத்து, எப்படி வரவேண்டும் என்று சொல்லி அனுப்புவதும் நான்தான். நகை போடக் கூடாது, நகச்சாயம் கூடாது, வெறும் வயிற்றோடு வரவேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்தால் மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். அது எனக்குப் பெரிய பயம். இட்லி தின்றுவிட்டு ‘ஒண்ணும் சாப்பிடல’ என்று வந்தவர்கள் என் கணக்கில் ஏழு பேர். அதனால் கொஞ்சம் மிரட்டித்தான் சொல்வேன். அறுவையன்று காலையில் அதையே கேள்வியாகக் கேட்டு, தாளில் ஒரு டிக் போடுவேன்.

பஞ்சவர்ணத்துக்கு நாற்பத்து நான்கு வயது. உத்தரகோசமங்கைப் பக்கத்துக் கிராமம். கூலிக்கு மிளகாய் பறிப்பவர். பித்தப்பையில் கல். எட்டு மாதமாக வலி. மூன்று வாரத்துக்கு முன் நாள் குறித்துக்கொண்டு போனவர், சொன்ன தேதியில் முதல் பஸ்ஸில் கணவர் முனியசாமியோடு வந்து இறங்கினார்.

“சாப்பிடாம வந்தியா ஆத்தா?”

“பச்சத் தண்ணி பல்லுல படலய்யா.”

“அப்படித்தான் வரணும்” என்று சந்தோஷமாக டிக் போட்டேன்.

எட்டரைக்கு எடுக்க வேண்டிய கேஸ். அன்று பார்த்து, விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச்சில் கை மாட்டிய ஒருவரை மண்டபத்திலிருந்து கொண்டு வந்துவிட்டார்கள். தியேட்டர் ஒழிய மதியம் ஒன்றாகிவிட்டது. பஞ்சவர்ணம் வராந்தா பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ட்ரிப் போட ஆள் ஒழியவில்லை.

ஒன்று முப்பத்தைந்துக்கு மேசையில் படுக்கவைத்தோம். நாடித்துடிப்பு நூற்றுப் பதினான்கு. பயத்தில் இருக்கும் என்று நினைத்தேன். மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாய் வைக்க வாயைத் திறந்தபோது டாக்டர் சுபைதா ஒரு கணம் நின்றார்.

“நாக்கு சருகு மாதிரி இருக்கேண்ணே. எப்பருந்து வெறும் வயிறு?”

நான் தாளைப் பார்த்தேன். அங்கே டிக் இருந்தது. “ராத்திரிலருந்து டாக்டரம்மா” என்றேன்.

யாரும் என்னிடம் ராத்திரி என்று சொல்லவில்லை. எல்லாரும் ராத்திரியிலிருந்துதானே இருப்பார்கள் என்று நானாகச் சொன்னேன். எல்லாவற்றையும் எண்ணுகிறவன் அதை எண்ணவில்லை.

அவர் சலைனை வேகமாக விட்டார். சிறுநீர்க் குழாய் போடச் சொன்னார். பித்தப்பை அறுவைக்கு வழக்கமாகப் போடுவதில்லை. இது நேரம் பிடிக்கும் கேஸ் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. குழாய் போட்டதும் பைக்குள் வந்தது பதினைந்து மில்லி. கடுந்தேநீர் நிறம்.

ஒன்று ஐம்பதுக்கு வாயு ஏற்றினோம். அழுத்தம் பதினான்கு. பித்தப்பை சுற்றிலும் ஒட்டிக் கிடந்தது. சர்ஜன் நூல் நூலாகப் பிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு பத்துக்குக் குனிந்து பையைப் பார்த்தேன். பதினைந்து. குழாய் மடங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். இல்லை. இரண்டு முப்பதிலும் பதினைந்து. இரண்டு நாற்பத்தைந்திலும் பதினைந்து.

“டாக்டரம்மா, பையில ஏறவே இல்ல. சலைன் ரெண்டாவது பாட்டில் முடியப்போகுது.”

அவர் சர்ஜன் பக்கம் திரும்பி, மேசையின் விளிம்பில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். “சார், வாயுவைக் கொஞ்சம் எறக்கணும்.”

சர்ஜன் திரும்பவில்லை. “இப்பத்தான் படம் தெளிவா இருக்கு டாக்டர். இருபது நிமிஷம் குடுங்க.”

“படம் நல்லாத்தான் ஓடுது சார். கிட்னி ஓடல.”

“எறக்கினா எல்லாம் மூடிக்கும். மறுபடி முதல்லருந்து தேடணும்.”

“தேடுவோம் சார். நீங்க தேடுனா கெடைக்கும்.”

சர்ஜன் கருவிகளை வெளியே எடுத்தார். வால்வில் கை வைத்தார்.

“ஒரேயடியா வேண்டாம் சார்” என்றார் டாக்டர் சுபைதா. பிறகு என்னிடம், “அண்ணே, பன்னெண்டு வைங்க. ஒரு நிமிஷம் எண்ணிட்டுப் பத்து. அப்புறம் எட்டு. அப்படியே கீழ வரணும்.”

“மடை தொறக்கிற மாதிரியா டாக்டரம்மா?”

அவருக்குக் கண்மாய் தெரியாது. கடற்கரைக்காரர். “என்னமோ, மெல்ல” என்றார்.

எனக்கு அது போதும். என் அய்யா எங்கள் ஊர்க் கண்மாயின் நீர்பாய்ச்சி. மடையைத் திறந்து வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடுவது அவர் வேலை. இரண்டு வருட வறட்சிக்குப் பிறகு கண்மாய் நிறைந்த ஒரு கார்த்திகையில், ஆசையில் ஊரே கூடி நின்று முழுக்கத் திறக்கச் சொன்னது. அய்யா ஒரு சாண்தான் திறந்தார். கத்தினார்கள். காய்ந்து வெடித்த வாய்க்கால் தண்ணீரைக் குடித்து மண் இறுகட்டும், பிறகு அடுத்த சாண் என்றார். அவர் சாப்பிடப் போன நேரத்தில் யாரோ முழுக்கத் திறந்துவிட்டார்கள். கரை மூன்று இடத்தில் உடைந்து, நாற்று மண்ணோடு போனது. அப்போது எனக்குப் பதினொரு வயது. தோணித்துறைத் தூணைக் கேட்டபோது தலையை மட்டும் ஆட்டியவனுக்கு, வால்வில் இருந்த சர்ஜனின் கையைப் பார்த்த அந்த நொடியில்தான் விளங்கியது. அந்த அம்மாவின் வயிற்றுக்குள் வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது.

பன்னிரண்டு. அறுபது எண்ணினேன். பத்து. அறுபது. எட்டு. சர்ஜன் வால்வை மயிரிழையாகத் திறந்து பிடித்திருந்தார். ‘உஸ்’ சத்தமே வரவில்லை. வாயு முழுதும் இறங்கியபின் பத்து நிமிடம் காத்திருந்தோம். வெதுவெதுப்பான சலைனை விட்டுக்கொண்டிருந்தார் டாக்டர். பிறகு எட்டில் மட்டும் ஏற்றி வேலையைத் தொடர்ந்தோம். எட்டில் படம் குறுகிப்போனது. சர்ஜன் முணுமுணுத்தாலும் அழுத்தத்தைக் கூட்டச் சொல்லவில்லை. நடுவில் இன்னொரு முறை அதேபோல இறக்கி ஏற்றினோம். மூன்று ஐம்பதுக்குப் பித்தப்பை வெளியே வந்தது. பையில் இருபத்திரண்டு மில்லி.

பதிவேட்டை எழுத உட்கார்ந்தேன். வாயுவை நடுவில் இறக்கியதற்கு அதில் தனிக் கட்டம் இல்லை. டாக்டர் சுபைதா பின்னால் வந்து நின்று, “என்னமோ சொன்னீங்களே, மடையா?” என்று கேட்டு, என் பேனாவை வாங்கி அவரே ‘மடை 1 – 2.48, மடை 2 – 3.25’ என்று எழுதினார். ஜெயராணி சிஸ்டர், அந்தப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். அந்த ஒரு வரி மட்டும் என் கையெழுத்து இல்லை.

பிறகு வெளியே போனேன். முனியசாமி எழுந்து நின்றார்.

“கம்பவுண்டரய்யா, முடிஞ்சுதா?”

நான் கம்பவுண்டர் இல்லை என்று காலையிலிருந்து மூன்று முறை சொல்லியிருந்தேன். “முடிஞ்சுது. அந்த அம்மா கடைசியா எப்பத் தண்ணி குடிச்சாங்க?”

“நேத்து விடியக்காலைல நீராகாரம் குடிச்சா. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. பூராப் பொழுதும் மொளகாய்க் களத்துல வெயில்ல நின்னா. குடிடி குடிடின்னு தலையில அடிச்சுக்கிட்டேன். கேக்கல. இவ ஒரு கிறுக்கச்சிய்யா. எதச் சொன்னாலும் அளவுக்கு மிஞ்சித்தான் செய்வா.”

கணக்குப் போட்டேன். முப்பத்திரண்டரை மணி நேரம்.

டாக்டர் சுபைதாவின் அறைக்குப் போய், கதவருகிலேயே நின்று, டிக்கையும் ராத்திரியையும் சொன்னேன். அவர் கேஸ் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ‘சார்’ வரும் என்று காத்திருந்தேன். ஐந்தாவது தடவை.

“அண்ணே” என்றார். “நாக்கை நான் என் கண்ணால பாத்தேன். பாத்துட்டு உங்க டிக்கை நம்புனேன். தப்புல பாதி என்னோடது. அத உங்களுக்கு விட்டுத் தர மாட்டேன். போய்ப் பையப் பாருங்க.”

அன்று அவர் ‘சார்’ என்றிருந்தால் அதன் பிறகு இந்த வேலையில் நீடித்திருப்பேனா என்று தெரியவில்லை.

அடுத்த இரண்டு நாளும் பையைத்தான் பார்த்தேன். முதல் இருபத்து நான்கு மணி நேரத்தில் நூற்றுப் பத்து மில்லி. நல்ல சிறுநீரகம் அதை இரண்டு மணி நேரத்தில் தந்துவிடும். வலிக்கு வழக்கமாகப் போடும் ஊசி சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று நிறுத்தி, வேறு மருந்து எழுதினார் டாக்டர். ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியேட்டினின் ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது, மறுநாள் காலை 2.9. அதற்கடுத்த காலை 3.6. முகம் லேசாக ஊதியது. பஞ்சவர்ணம் தண்ணீர் கேட்டார். இப்போது அளந்துதான் கொடுக்கலாம். சிறுநீர் போகாத உடம்பில் தண்ணீரை ஏற்றினால் அதுவும் நுரையீரலில் தேங்கும். முன்னால் குடிக்காமல் வந்தவருக்கு இப்போது குடிக்க அனுமதி இல்லை.

மூன்றாம் நாள் காலையில் டாக்டர் சுபைதா முனியசாமியை உட்கார வைத்துச் சொன்னார்.

“மத்தியானம் பன்னெண்டு மணி வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள ஒண்ணுக்கு எறங்கலன்னா மதுரைக்குப் போயிரணும். அங்க மெஷின்ல ரத்தத்தச் சுத்தம் பண்ணுவாங்க.”

“மதுரைக்குப் போனா திரும்பி வருவாளாம்மா?”

“வருவாங்க, இன்ஷா அல்லாஹ். இப்பவே பயப்படாதீங்க.”

அவர் பயப்படாமல் இல்லை. வெளியே வந்ததும் என்னிடம், “டிரைவர இங்கனயே இருக்கச் சொல்லுங்கண்ணே” என்றார். வண்டியில் ஆக்சிஜன் சிலிண்டரை ஏற்றி, திறந்து மூடிப் பார்த்தேன். இரண்டு தடவை.

ஒன்பது மணிக்கு, முந்தைய ஒரு மணி நேரத்துக்கான அளவு எட்டு மில்லி. பத்துக்கும் எட்டு. பத்து இருபதுக்குச் சும்மா குனிந்தேன். இருபது நிமிடத்தில் முப்பது வந்திருந்தது. என் கண்ணை நம்பாமல் பையைக் கழற்றி அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தேன். முப்பத்திரண்டு. நிறமும் வெளுத்திருந்தது. பதினொன்றுக்கு மேலும் எழுபது. பன்னிரண்டுக்குத் தொண்ணூற்றைந்து. ஓடிப்போய்ச் சொன்னேன். நாற்பத்தெட்டு வயதில் அந்த வராந்தாவில் ஓடினேன். அல்ஹம்துலில்லாஹ் என்று டாக்டர் மேசையில் தலை சாய்த்துவிட்டார். சர்ஜன் டாக்டர் பால்ராஜ் தானே வந்து குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, “இனிமே எட்டுலயே வேலை பாத்துப் பழகிக்கிறேன், போதுமா?” என்றார். சொன்னதைச் செய்தார். அந்த நாளுக்குப் பிறகு நீண்ட கேஸ்களில் அவர் தானாகவே கருவியை வெளியே எடுத்துவிட்டு, “அண்ணன், மடை” என்பார். எங்கள் தியேட்டரில் அந்த ‘உஸ்’ சத்தம் அதோடு நின்றது.

இப்போது புது இயந்திரம் வாயுவை மெல்ல விடுமாம். நல்லது. ஆனால் மேசைக்கு வரும்முன் உடம்பில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை ஆள்தான் கேட்க வேண்டும். அதற்கும் டாக்டர் சுபைதா ஒரு ஏற்பாடு செய்தார். கேஸ் தாளில் குத்த ரப்பர் ஸ்டாம்பு ஒன்று செய்துகொண்டு வந்தார். ‘கடைசித் தண்ணீர்: ......... மணி’ என்று இருந்தது. ஸ்டாம்பு வந்த நான்காம் நாள், பரமக்குடியிலிருந்து வந்த ஒரு பெரியவரின் மகள் அதைப் படித்துவிட்டு, “எங்க அய்யாவுக்குக் கடைசித் தண்ணி ஊத்த நேரமே குறிச்சிட்டாகளே!” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதது தெருவரைக்கும் கேட்டது. பெரியவர் குடலிறக்கத்துக்கு வந்தவர், திடமாக உட்கார்ந்து அவர்தான் மகளைச் சமாதானப்படுத்தினார். டாக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘தண்ணீர் குடித்த நேரம்’ என்று வேறு ஸ்டாம்பு செய்யக் கொடுத்தார். கூடவே ஒரு வழக்கமும் வந்தது. காலை ஒன்பது மணி அறுவை என்றால் ஆறு மணிக்கு ஒரு டம்ளர் வெறும் தண்ணீர் கொடுப்போம். கொடுப்பது என் வேலை. தண்ணீர் கூடாது என்று மிரட்டி வந்த அதே ஆள் டம்ளரை நீட்டினால் யார் குடிப்பார்கள்? ஒவ்வொருவரிடமும் கெஞ்ச வேண்டியிருந்தது. பத்து வருடம் கெஞ்சினேன். அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

ஒன்றை மட்டும் இதுவரை தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். எழுத உட்கார்ந்தபோது இதை விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன்.

பஞ்சவர்ணம் ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போனார். கிரியேட்டினின் 1.1. வராந்தாவில் மஞ்சள் பையோடு நின்றுகொண்டிருந்தார். முனியசாமி அப்போதும் விடவில்லை. “யாராச்சும் ஒரு பகல் பூரா மொளகாய்க் களத்துல தொண்டைய நனைக்காம நிப்பாளா? கிறுக்கச்சி” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த அம்மாவுக்கு என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தது.

“அய்யா, நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னபடிதான செஞ்சேன்? மூணு வாரத்துக்கு முந்தி, இந்தா இதே பெஞ்சிலதான். ‘முந்தின நாள்லருந்து பச்சத் தண்ணி பல்லுல படக்கூடாது, பட்டா உசுருக்கு நான் பொறுப்பில்ல’ன்னீக. நாளுன்னா விடிஞ்சதுலருந்துதான நாளு? களத்துல எல்லாரும் மோரு குடிச்சாளுக. எனக்கும் நீட்டுனாளுக. நான் வாயக்கூடக் கொப்புளிக்கலய்யா.”

முந்தின நாள் என்று நான் சொன்னது முந்தின நாள் இரவை. இருபது வருடமாக எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லிவந்தேன். பாதிப்பேர் என் பேச்சைக் கேட்கவில்லை. அதனால் பிழைத்தார்கள். இந்த அம்மா ஒரு சொல் குறையாமல் கேட்டார்.

“சரியாத்தானய்யா செஞ்சேன்?” என்று மறுபடி கேட்டார்.

“சரியாத்தான் ஆத்தா செஞ்சிருக்க. நான்தான் சரியாச் சொல்லல.”

பின்பாதியை அவர் காதில் வாங்கவே இல்லை. கணவரைத் திரும்பிப் பார்த்து, “கேட்டுக்கிட்டீகளா?” என்றார். “கம்பவுண்டரய்யாவே சொல்லிட்டாக.”